இலவச டோக்கனும் பவர் பத்திரமும்

பணம்: வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர், 31 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 24. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு ஆண்டுகளில் சுமார் 60 ஆயிரம் ரூபாய்க்கு ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் வாங்கி, கைபேசியில் உள்ள வாலட் என்ற பணப்பைச் செயலியில் வைத்திருக்கிறேன். நான் இருக்கும் டெலிகிராம் குழுவில் தினமும் நான்கைந்து 'ஏர்டிராப்' அறிவிப்புகள் வருகின்றன. வாலட்டை இணைத்து 'கிளெய்ம்' என்ற பொத்தானை அழுத்தினால் டோக்கன்கள் எனப்படும் புதிய கிரிப்டோ நாணயங்கள் இலவசமாக வந்து சேருமாம். என்னுடன் வேலை செய்யும் நண்பருக்கு இப்படி 40 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அவருடைய வங்கிக் கணக்கை நானே பார்த்தேன். நானும் முயலலாமா? பாதுகாப்பானதுதானா? அதற்குச் செலவிடும் நேரத்துக்குப் பலன் உண்டா?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதை நான் நம்புகிறேன். இலவசம் என்றாலே மோசடி என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையாக இருக்காது. கண்ணால் பார்த்துவிட்ட நீங்களும் அதை ஏற்க மாட்டீர்கள்.

2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம், செப்டம்பர் 1-க்கு முன்பு தன்னை ஒரு முறையாவது பயன்படுத்திய ஒவ்வொரு வாலட்டுக்கும் 400 டோக்கன்கள் ஒதுக்கியது. ஓரிரு நாளிலேயே அந்த 400-ன் மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டியது. விற்காமல் 2021 மே வரை வைத்திருந்தவர்களுக்கு அது பத்து லட்சம் ரூபாயையும் கடந்து போனது. தளத்தை நடத்தும் முடிவுகளில் ஓட்டுப்போடும் உரிமையைப் பயனாளர்களிடம் பரப்ப வேண்டும், வேறு தளங்களுக்கு அவர்கள் போய்விடாமல் தக்கவைக்க வேண்டும் என்பதற்காகத் தரப்பட்ட டோக்கன் அது. கொடுப்பவருக்கும் அதில் கணக்கு இருந்தது. ஆகவே கொடுத்தார்கள்.

அந்தப் பகிர்வில் ஒன்றைக் கவனியுங்கள். தேதி முடிந்து போன பிறகுதான் அறிவிப்பே வந்தது. அன்றைக்கு ஓடிப் போய் யாரும் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலான உண்மையான பகிர்வுகள் இப்படித்தான் பின்னோக்கிப் பார்க்கின்றன: நீங்கள் ஏற்கெனவே என்ன செய்தீர்கள் என்பதற்குத்தான் டோக்கன். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு திட்டம், நீங்கள் எதுவுமே செய்யாதபோது, 'இன்று இரவு 12 மணிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உங்களை விரட்டினால், எதற்காக உங்களுக்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது.

அதே யூனிஸ்வாப்பின் பெயரில் 2022 ஜூலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாலட்டுகளில் ஒரு டோக்கன் தானாக வந்து விழுந்தது. யூனிஸ்வாப்பே அனுப்பியது போன்ற தோற்றம். அது காட்டிய இணையதளத்துக்குப் போய் 'கிளெய்ம்' செய்தவர்களில் ஒருவர் பெரிய தொகையை யூனிஸ்வாப்பில் போட்டு வைத்திருந்தவர். அவருடைய ஏறக்குறைய 7,500 ஈதர், அதாவது சுமார் 80 லட்சம் டாலர், பறிபோனது. டோக்கன் வந்து விழுந்ததால் யாருக்கும் எதுவும் நேரவில்லை. அது கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சம்மதம் கொடுத்தவர்கள்தான் இழந்தார்கள்.

இதை ஏட்டில் படித்து மட்டும் எழுதவில்லை. 2023 பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக என் அக்கா மகன் கோவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நிறுவனங்களுக்கு இலச்சினை வரைந்து கொடுப்பது அவன் தொழில். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுத்த ஆயிரம் டாலர், டாலருக்கு ஈடான யுஎஸ்டிசி டோக்கனாக அவன் வாலட்டில் இருந்தது. அன்றைய மதிப்பில் 82 ஆயிரம் ரூபாய். ஒரு பெரிய கிரிப்டோ வலையமைப்பு உண்மையாகவே டோக்கன் பகிர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதன் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்திருந்த ஒரு போலிக் கணக்கின் இணைப்பை அவன் தொட்டிருக்கிறான். 'உங்களுக்கு 1,750 டோக்கன்கள்' என்று பச்சை எழுத்தில் வந்திருக்கிறது. இரண்டு முறை அழுத்தினான். பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு நான் திரும்பியபோது மடிக்கணினியை மடியில் வைத்தபடி வெறித்துக்கொண்டிருந்தான். அந்த ஆயிரம் டாலரும் போய்விட்டிருந்தது. "சித்தி, கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன்" என்றான்.

அவன் அழுத்திய அந்தச் சாளரத்தை மறுநாள் இருவருமாக மீண்டும் வரவழைத்துப் பார்த்தோம், இம்முறை ஒன்றுமே இல்லாத ஒரு காலி வாலட்டைக் கொண்டு. ஐந்து வரிகள். ஓனர் என்பதற்கு எதிரே நம் முகவரி. ஸ்பெண்டர் என்பதற்கு எதிரே யாரோ ஒருவருடைய முகவரி. வேல்யூ என்பதற்கு எதிரே 1157920892 என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும் எண். எண்ணிப் பார்த்தேன், 78 இலக்கங்கள். பிறகு நான்ஸ் என்ற வரிசை எண், டெட்லைன் என்ற காலக்கெடு. கீழே 'கையொப்பமிடு' என்ற நீலப் பொத்தான். அந்த 78 இலக்க எண் அந்தக் கணினி முறையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண். 'என்னிடம் உள்ள இந்த டோக்கன் முழுவதையும், இனி வரப்போவதையும் இவர் எடுத்துக்கொள்ளலாம்' என்பதை இயந்திரம் இப்படித்தான் எழுதுகிறது. கையொப்பத்தைப் பெற்றுக்கொண்ட திருடன், பரிவர்த்தனைக் கட்டணத்தைத் தானே கட்டி, பணத்தை எடுத்துக்கொள்கிறான். என் அக்கா மகனிடம் கட்டணம் கேட்காததற்குக் காரணம் அதுதான்.

என் அப்பா அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தராக இருந்தவர். யாராவது பவர் எழுதிக் கொடுக்க வந்தால், கைநாட்டு வைப்பதற்கு முன் முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டுவார். 'சொத்தை விற்கவும், விற்ற தொகையைப் பெற்றுக்கொள்ளவும்' என்ற வரி வந்ததும் அதன்மேல் விரலை வைத்து, "இந்த வரி வேண்டுமா?" என்று கேட்பார். குத்தகை வசூலிக்க மட்டும் தம்பிக்கோ மருமகனுக்கோ அதிகாரம் கொடுக்க வந்த பலர், அங்கேதான் முதல் முறையாகத் திடுக்கிட்டு, வேண்டாம் என்பார்கள். அப்பா அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். உங்கள் வாலட்டில் எழும் அந்தச் சிறு சாளரம் ஒரு பவர் பத்திரம், தம்பி. அதைப் படித்துக் காட்ட அங்கே ஆள் கிடையாது. வேல்யூ என்ற வரியின்மேல் நீங்களேதான் விரலை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். டோக்கனை வாங்கிக்கொள்ளப் போனவரிடம், அவருடைய கையிருப்பை எடுக்கும் அதிகாரத்தை எதற்குக் கேட்கிறார்கள்?

பவர் போலவே இதுவும் ரத்து செய்யும்வரை செல்லும். இன்று நீங்கள் கொடுத்த அனுமதியை வைத்து ஆறு மாதம் கழித்துக்கூட எடுக்கலாம். உங்கள் வாலட்டில் தொகை சேரட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால், இதுவரை பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவான அனுமதிகள் யார் யாருக்கு என்று தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். ரிவோக்.கேஷ் என்ற தளமும் அதைச் செய்கிறது. இந்த வாரமே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிரபலமானவர் சொன்னார் என்பதும் காப்பாகாது. உங்கள் ஈதர் இயங்கும் ஈதீரியம் பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டெரினின் எக்ஸ் கணக்கே 2023 செப்டம்பரில் களவாடப்பட்டு, அதில் ஓர் இலவச டிஜிட்டல் நினைவுப்பொருள் அறிவிக்கப்பட்டது. நம்பி அழுத்தியவர்கள் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் இழந்தார்கள். அப்படியிருக்க, ஒரு டெலிகிராம் குழுவின் நிர்வாகி சொல்வதை வைத்து உங்கள் 60 ஆயிரத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, முயன்றே தீர வேண்டும் என்றால் வழி இருக்கிறது. புதிதாக ஒரு வாலட் திறந்து, கட்டணத்துக்கு வேண்டிய சில நூறு ரூபாய் ஈதரை மட்டும் அதில் வையுங்கள். உங்கள் சேமிப்பு இருக்கும் வாலட் எந்தப் பகிர்வுத் தளத்தையும் தொடக் கூடாது. நீங்கள் உண்மையாகவே பயன்படுத்தும் திட்டங்களை அந்தப் புது வாலட்டிலிருந்து பயன்படுத்திக்கொண்டிருங்கள். நாளை அவர்கள் டோக்கன் கொடுத்தால் அது தகுதி பெறும். குழுவில் வரும் இணைப்பைத் தொடாமல், அந்தத் திட்டத்தின் ஆவணப் பக்கத்திலிருந்து நீங்களே வழி கண்டுபிடித்துப் போங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தையும் தொடாதீர்கள். போலித் தளக்காரர்கள் காசு கொடுத்து அந்த இடத்தை வாங்குகிறார்கள். தகுதி இருக்கிறதா என்று பார்க்க வாலட்டின் பொது முகவரி போதும். அதைக் கொடுப்பதால் பணம் போகாது. உங்கள் வாலட்டின் ரகசியச் சாவியான 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை எந்தப் படிவம் கேட்டாலும், அந்த நொடியே மூடிவிடுங்கள்.

பலன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் நண்பருக்குக் கிடைத்தது 40 ஆயிரம். அதற்கு முன் எத்தனை திட்டங்களில், எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம் செலவழித்தார் என்று கேட்டு, உங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது போலவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2024-ல் ஹாம்ஸ்டர் காம்பாட் என்ற டெலிகிராம் விளையாட்டைக் கோடிக்கணக்கானோர் மாதக்கணக்கில் விரல் நோகத் தட்டினார்கள். செப்டம்பர் 26 அன்று டோக்கன் சந்தைக்கு வந்தபோது ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு அமெரிக்க சென்ட். பிறகு அதுவும் இறங்கியது. என் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனுக்கு மூன்று மாதத் தூக்கத்துக்கு ஈடாக வந்தது இருநூறு ரூபாய்க்கும் குறைவு. அந்த நேரத்தில் நீங்கள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலை முழுமையாகக் கற்றுக்கொண்டால் சம்பளமே உயரும் என்பது என் எண்ணம்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். இலவசமாக வந்த டோக்கனுக்கு, அது கையில் வந்த நாளின் சந்தை மதிப்பையே வருமானமாகக் காட்டும்படி பல தணிக்கையாளர்கள் சொல்கிறார்கள். எனவே டோக்கன் வந்த தேதியையும் அன்றைய விலையையும் எழுதி வையுங்கள். உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள். அவர் குறித்து வைத்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: நான் வாங்காத மூன்று டோக்கன்கள் என் வாலட்டில் வந்திருக்கின்றன. ஒன்றின் மதிப்பு 1,900 டாலர் என்று காட்டுகிறது. விற்க முயன்றால் ஒரு இணையதளத்துக்குப் போகச் சொல்கிறது. – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: தொடாதீர்கள். வாலட்டிலேயே மறைத்து வைக்கும் வசதி இருக்கும், மறைத்துவிடுங்கள். உங்கள் முகவரி தெரிந்த எவரும் எதையும் அனுப்பலாம், நீங்கள் தடுக்க முடியாது. வீட்டு வாசலில் யாரோ துண்டுச்சீட்டு வீசிவிட்டுப் போவது போன்றது. வாங்க ஆளே இல்லாத டோக்கனுக்கும் திரையில் ஒரு விலையைத் தோன்றச் செய்வது கடினமில்லை. அந்த 1,900 டாலர் உங்களை அந்தத் தளத்துக்கு இழுப்பதற்கான தூண்டில்.

கேள்வி: அம்மா, என் பெயரில் மூன்று லட்சம் ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் ஒதுக்கப்பட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. விடுவிக்க 'கேஸ் கட்டணம்' 4,500 ரூபாய் யுபிஐ மூலம் அனுப்பினேன். இப்போது வரி என்று 11 ஆயிரம் கேட்கிறார்கள். கணவருக்குத் தெரியாது. கட்டினால் முழுத் தொகையும் வந்துவிடுமா? – ஓர் இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: வராது, சகோதரி. 11 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். கேஸ் கட்டணம் என்பது பிளாக்செயினில் ஒரு பரிவர்த்தனை பதிவாகும்போது நம் வாலட்டிலிருந்தே கழிவது. அதை ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்வதே மோசடிக்கு அடையாளம். வருமான வரியையும் எந்தத் தனியாளும் வாட்ஸ்அப்பில் வசூலிப்பதில்லை.

இதைப் படித்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் இன்னும் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் நின்றால் அதை முடக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு வாய்ப்பு. உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று அடுத்த வாரம் வேறு யாராவது அழைக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வங்கியில் இருந்தபோது இப்படி மறைத்து மறைத்து, 4,500 நான்கு லட்சமான பிறகு என் மேசைக்கு எதிரே வந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இன்னும் 4,500-தான்.