நாசிக்கில் ஒயின் தோட்டம் போகும் நாளில் எங்கே, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: பிப்ரவரியில் ஷீரடி, திரியம்பகேஸ்வர் போகிறோம். நடுவில் ஒன்றரை நாள் நாசிக். நானும் கணவரும் சூலா ஒயின் தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறோம். உடன் வரும் மாமனார், மாமியார் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?
- வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: நல்ல மாதம். அங்கே ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் கொடியைக் கவாத்து செய்துவிடுவதால், மே விடுமுறையில் போகிறவர்களுக்குப் பழம் பார்க்கக் கிடைக்காது. கிழமையை மட்டும் கவனியுங்கள். சனி, ஞாயிறில் மும்பைக் கூட்டம் வந்து இறங்கும். மதியம் மேசை கிடைப்பதே பாடு. செவ்வாய், புதன் உத்தமம். ஜனவரி 26, அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாட்களில் ஒயின் ஊற்ற மாட்டார்கள்.

நாசிக் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, காலையில் மிசல், அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒயின். மிசல் என்பது முளைகட்டிய நரிப்பயறு, அதன்மேல் 'தர்ரி' எனப்படும் காரமான எண்ணெய்க் குழம்பு, மேலே மிக்சர், தொட்டுக்கொள்ள பாவ். அந்தக் காரம் நாக்கில் இருக்கும்போது ஷிராஸ் போன்ற சிவப்பு ஒயினைக் குடித்தால், அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டும். பழத்தின் சுவை தெரியவே தெரியாது. அதனால் மிசலை மறுநாள் காலைக்கு வையுங்கள். விறகடுப்பில் சமைக்கும் சாதனா உணவகம் பேர்போனது. 'திகட் கமி' என்றால் காரம் குறைப்பார்கள். தர்ரியைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், தயிரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குப் போகும் காலையில் இட்லியோ, ஜவ்வரிசி கிச்சடியோ போதும். கிச்சடி அங்கே விரத உணவு, வெங்காயம் பூண்டு இருக்காது. பெரியவர்களுக்கும் அதையே வாங்கலாம். வெறும் வயிற்றோடு போகவே போகாதீர்கள்.

சூலா, கங்காபூர் அணைப் பக்கம், ஊரிலிருந்து சுமார் 12 கி.மீ. பதினொன்றரை மணி டேஸ்டிங்குக்கு, அதாவது பல வகை ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்ப்பதற்குப் போங்கள். நாக்கு அப்போதுதான் தெளிவாக இருக்கும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, ஏலக்காய், பாக்கு எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகை வைத்திருந்தால் அந்த வாசனையே ஒயினின் மணத்தை அமுக்கிவிடும். ஒவ்வொரு வகையிலும் 30 மி.லி. அளவு ஊற்றினால், ஐந்து வகைக்கு 150 மி.லி., அதாவது ஒரு முழு கிளாஸ். பிடிக்காததை அங்கிருக்கும் பாத்திரத்தில் கொட்டிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒயின் குடிக்க மகாராஷ்டிரத்தில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

டேஸ்டிங் முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பனீர், சாலட் போன்றவற்றுக்குப் புளிப்பு தூக்கலான சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பொருந்தும். மசாலா உணவு என்றால் லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க், இதுவும் வெள்ளை ஒயின்தான். சிவப்பு ஒயினைக் காரமில்லாத சீஸ், காளான் உணவுகளோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார், மாமியாரை அங்கே அழைத்துப் போக வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. மது பரிமாறும் இடம் என்பது ஒருபுறம் இருக்க, பீட்சா சாஸ், கிரேவி எல்லாம் பூண்டு சேர்த்து முன்கூட்டியே தயாரிக்கப்படுவதுண்டு; கேட்ட பிறகு மாற்ற முடியாது. அவர்களைப் பஞ்சவடியில் இறக்கிவிடுங்கள். காலாராமர் கோயில், ராமகுண்டம், சீதா குகை எல்லாம் அருகருகே இருப்பதால் அரை நாள் நிம்மதியாகப் போகும். பக்கத்தில் சைவத் தாலி உணவகத்தில் 'ஜெயின்' என்ற ஒரு சொல் போதும், வெங்காயம் பூண்டில்லாமல் தருவார்கள். உருளைக்கிழங்கும் அதில் இருக்காது. பருப்பில் வெல்லம் சேர்ந்திருக்கலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். சாதம் கடைசியில்தான் வரும். முதலிலேயே வேண்டுமானால் 'சாதா பாத்', 'தஹி' இரண்டையும் கேட்டு வாங்கினால் தயிர்சாதம் கிடைத்துவிடும்.

காரை நீங்கள் இருவரும் ஓட்ட வேண்டாம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு வண்டி பேசுங்கள். உங்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, அதே வண்டி பஞ்சவடிக்குத் திரும்பி வரலாம்.