பழைய லேப்டாப்பில் மிடி பாட்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2001-ஆம் ஆண்டு லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸில் மிடி என்ற இசைக் குறிப்புக் கோப்பு பாடுகிறது. டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டைப் போட்டால் ஊமை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நீங்கள் விசாரிக்காமல் வாங்கியிருக்கிறீர்கள். ஏசி'97 என்ற ஒலித் தரமுறை வந்த பிறகு பல லேப்டாப்புகளில் இசையை உண்டாக்கும் சிப்பே கிடையாது. விண்டோஸில் வாசிப்பது மென்பொருள்; டாஸில் அது கிடையாது.

கேள்வி: 'சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்' என்று போட்டிருந்ததை நம்பி ஒரு லேப்டாப் வாங்கினேன். சின்ன வயதில் கேட்ட அதே பாட்டு வேறு மாதிரி ஒலிக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. சவுண்ட் பிளாஸ்டர் என்பது பிரபலமான சவுண்ட் கார்டு; அதோடு ஒத்துப்போகும் என்று சொல்லும் அந்த 'கம்பாட்டிபிள்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. மிடி கோப்பில் ஒலி இல்லை. ஸ்வரம் எழுதிய தாள் மாதிரிதான். வாசிப்பவர் மாறினால் பாட்டு மாறும். 1987-இல் வந்த ஆட்லிப் கார்டில் வாசித்தது யமஹாவின் ஓபிஎல்2 என்ற இசை சிப்: ஒரே நேரத்தில் 9 குரல். 1992-இன் சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் ஓபிஎல்3: 18 குரல். லேப்டாப் செய்தவர்களில் சிலர் யமஹாவின் ஓபிஎல்3-எஸ்ஏ வகையைப் போட்டார்கள். அதில் அசல் ஒலி கிடைக்கும். வேறு சிலர் ஈஎஸ்எஸ், கிரிஸ்டல் சிப்புகளைப் போட்டார்கள். அவற்றில் இருப்பது அந்தந்தக் கம்பெனி சொந்தமாகச் செய்த நகல். ஈஎஸ்எஸ் பரவாயில்லை, சில பாட்டில் இனிமைகூட. கிரிஸ்டல் என் காதுக்குத் தகர டப்பா. விளையாட்டுக்கு இரண்டுமே சவுண்ட் பிளாஸ்டர்தான், அதனால் விற்பவர் சொன்னது பொய்யும் ஆகாது! மாடல் பெயரை விடுங்கள், சிப்பின் எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால், ஒரு மிடியை டாஸில் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: மிடியை வாசிக்கும் வெளிப்பெட்டியான ரோலண்ட் எஸ்சி-55 வாங்கினேன், அடாப்டர் இல்லாமல் வந்தது. வீட்டில் 9 வோல்ட் ரவுட்டர் அடாப்டர் இருக்கிறது. போடலாமா?

பதில்: கையை எடுங்கள்! ரோலண்டுக்கு நடுமுனை மைனஸ். ரவுட்டருக்குப் பெரும்பாலும் பிளஸ். துளைக்குப் பக்கத்தில் படம் போட்டிருக்கும், பாருங்கள். நானும் ஒன்றைப் பலி கொடுத்தவன். ஜப்பானிலிருந்து வந்த அடாப்டரை அப்படியே சுவரில் சொருகினேன். அது 100 வோல்ட்டுக்கு, நம் வீட்டில் 230. 'டப்' என்றது, அப்புறம் கருகிய வார்னிஷ் வாசம் இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை.

கேள்வி: இணையக் கடையில் பிசிஎம்சிஐஏ (லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் சொருகும்) சவுண்ட் கார்டு வாங்கினேன். 'சோதித்தது' என்றார்கள். படத்தில் ஒலிக்கேபிள் இருந்தது, பெட்டியில் இல்லை. பழைய சாமானைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம்.

பதில்: வயிற்றெரிச்சல்தான். அந்தக் கேபிளின் முனை அந்தக் கார்டுக்கே உரியது; அது இல்லாவிட்டால் கார்டு வெறும் தகடு. உங்கள் மேல் தப்பே இல்லை. படத்தில் காட்டியதைத் தரவேண்டியது கடையின் பொறுப்பு, பழைய சாமான் என்பது சாக்கு. விளம்பரப் படத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: 1995 லேப்டாப்புக்கு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கிவிட்டேன். எப்படிச் சொருகுவது?

பதில்: எதில்? அதில் யூஎஸ்பி துளையே இருக்காதே. கேபிளைத் திருப்பிக் கொடுங்கள். சீரியல் துளை இருக்கும். உங்கள் மிடி பெட்டி ரோலண்ட் எஸ்சி-55 எம்கே2 என்றால், அதில் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு வட்டத் துளை உண்டு, அதற்கான கேபிளைத் தேடுங்கள். பல டாஸ் விளையாட்டுகளுக்கு, இசையை அந்த வழியாக அனுப்ப, சாஃப்ட்எம்பியூ என்ற இலவச நிரல் போதும்.