வழக்கமான சிம் கார்டிலும் மொபைல் இணையத்திலும் உள்ள குறைகள் என்ன?

சிம் கார்டின் பெரிய குறை, அதை யாரும் கழற்றிவிட முடியும் என்பதுதான். திருடுபோன போன் பூட்டியிருந்தாலும், அட்டையை உருவி வேறொரு போனில் போட்டால் உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடனின் கைக்குப் போகும். சிம்முக்கென்றே தனி பின் எண் பூட்டு உண்டு. அதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஆரம்ப பின் எண்ணையும், முடங்கிய சிம்மைத் திறக்க உதவும் பியூக் எண்ணையும் நிறுவனத்திடம் கேட்டு வைத்துக்கொண்டு, இன்றே அதை இயக்குங்கள். மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கும். பியூக் இருந்தால்தான் திறக்கும்.

இன்னொரு மோசடியில் அட்டையைத் தொடவே வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லி நிறுவனத்தை ஏமாற்றி மாற்று சிம் வாங்கிவிடுவார்கள். உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போய்விடும். அட்டையே இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம்மும் இதற்கு விலக்கல்ல.

1991இல் வந்த முதல் சிம், கடன் அட்டை அளவு இருந்தது. 2012இல் வந்த நானோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர்தான். அப்படியும் தட்டு, திறப்பு என்று போனுக்குள் இடம் பிடிக்கிறது.

மொபைல் இணையத்தின் சிக்கல் வேறு. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் பெருங்கூட்டத்தில் சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் பக்கம் திறப்பதில்லை. கோடுகள் அலையின் வலிமையைக் காட்டும், நெரிசலைக் காட்டாது. அதிவேகம் தரும் உயர் அதிர்வெண் அலைகளோ சுவரைத் தாண்டவே திணறும். டேட்டா வரம்பு முடிந்ததும் பல திட்டங்களில் வேகத்தையும் குறைத்துவிடுவார்கள்.