கடுங்குளிரில் வெடிக்காத வேட்டைத் துவக்கு

கனடாவின் தண்டர் பே பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேலையிடத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் அவர், பாவித்த .308 போல்ட் துவக்கு ஒன்றை வாங்கினார். .308 என்பது ரவையின் அளவு; ஒவ்வொரு ரவைக்கும் போல்ட் எனும் இரும்புத் தண்டைக் கைப்பிடியால் திறந்து மூட வேண்டிய வகை அது. செப்டெம்பரில் பயிற்சித் திடலில் ஒரு ரவைகூடப் பிழைக்கவில்லை. நவம்பர் கடைசியில், பூச்சியத்துக்குக் கீழ் 22 பாகை செல்சியஸ் குளிரில் விசையை இழுத்தபோது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. உடனே போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி இறக்கி மறுபடி இழுத்திருக்கிறார். அதே ரவை இரண்டாம் தடவை வெடித்தது. மறுநாளும் ‘டிக்’ ஓசை மட்டுமே வந்தது. இம்முறை வெடிக்காத அந்த ரவையை எடுத்துப் பார்த்தபோது, அதன் அடியில் தீ பிறக்கும் பகுதியான பிறைமரில் மிக மெல்லிய பள்ளமே இருந்தது. சுருள்வில்லையும் விசைத் தொகுதியையும் மாற்ற வேண்டும், 400 டொலர் ஆகும் என்கிறார் கடைக்காரர். ரவையில்தான் பிழை என்கிறார் மைத்துனர். யாரை நம்புவது என்பது வாசகரின் கேள்வி.

போல்ட்டின் உட்புறத்தைத் துப்புரவு செய்து பார்க்கும் வரை இருவரையும் நம்ப வேண்டாம். ஆனால் அதற்கு முன்னர், வெடிக்காத ரவையின்மேல் உடனே கைப்பிடியைத் தூக்கியது பெரும் பிழை என்பதைச் சொல்லியாக வேண்டும். விசை இழுத்துச் சில கணங்கள் கழித்து வெடிக்கும் ரவைகள் உண்டு. போல்ட் திறந்திருக்கும்போது அது வெடித்தால் கோது கிழிந்து உங்கள் முகத்தை நோக்கி வரும். இனிமேல் ‘டிக்’ என்று கேட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அதன் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். வழமையைவிட மெல்லிய ஓசையோடு வெடித்திருந்தால், சன்னம், அதாவது ரவையிலிருந்து பறந்துசெல்லும் முனை, குழலுக்குள் சிக்கியிருக்கக்கூடும். துவக்கை வெறுமையாக்கிக் குழலின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த ரவையைப் போடவே கூடாது.

இனிக் காரணத்துக்கு வருவோம். ரவையின் அடியில், நடுவில் இருக்கும் சிறு கிண்ணம்தான் பிறைமர். போல்ட்டுக்குள் இருக்கும் அடியூசி அதை வேகமாகக் குத்தினால்தான் உள்ளே தீ பிறக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பது அடியூசியைச் சுற்றியிருக்கும் சுருள்வில். உங்களுக்கு முன்னர் அந்தத் துவக்கை வைத்திருந்தவர், துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆண்டுதோறும் எண்ணெய் தெளித்திருப்பார். அது போல்ட்டின் வயிற்றுக்குள் இறங்கி, தூசியோடும் கரியோடும் சேர்ந்து தடித்துப் போயிருக்கும். பனிக்காலத்தில் குளியலறைப் போத்தலில் தேங்காய் எண்ணெய் கட்டியாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுதான் அங்கே நடக்கிறது. அடியூசி அந்தக் கூழுக்குள் நீந்தித்தான் வந்து சேர்கிறது. சேரும்போது குத்துவதற்குப் போதிய வேகம் இல்லை. முதற்குத்தில் சற்று இளகிய பசை இரண்டாம் குத்துக்கு வழிவிடுகிறது. செப்டெம்பரில் ஒழுங்காகச் சுட்டதும், குளிரில் மட்டும் பிழைத்ததும், பிறைமரில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்ததும் ஆகிய மூன்றும் இதையே காட்டுகின்றன. பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்து வெடிக்காமல் போயிருந்தால் உங்கள் மைத்துனர் சொன்னதைக் கேட்டிருப்பேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துவக்கில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை மட்டும் கழற்றிப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். வீட்டு உறைபெட்டி பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையளவில் இருக்கும். மறுநாள் வெளிக்குளிரில் வைத்தே அதைத் துவக்கில் பூட்டி, போலி ரவையொன்றை இட்டு விசையை இழுங்கள். அறைச்சூட்டில் கூர்மையாகக் கேட்கும் ஓசை இப்போது மந்தமாக, இழுபட்டுக் கேட்டால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான்.

துப்புரவுக்கு வாகனத் திருத்தகங்களில் கிடைக்கும் பிரேக் கிளீனர் போதும். குளோரின் சேராததாகப் பார்த்து வாங்கி, காற்றோட்டமான இடத்தில், மரப்பிடியிலும் தொலைநோக்கியிலும் படாமல் பாவியுங்கள். சில போல்ட்டுகளைக் கையாலேயே பிரிக்கலாம். சிலவற்றுக்கு மலிவான சிறு கருவி வேண்டும். அடியூசியும் சுருள்வில்லும் வெளியே வந்ததும், போல்ட்டின் உட்குழியை வெள்ளைத் துணியில் அழுக்குப் படாத வரை துடையுங்கள். பிறகு உள்ளே ஒரு சொட்டு எண்ணெயும் இட வேண்டாம். குளிர்காலத்தில் அடியூசி உலர்ந்தே ஓட வேண்டும். மனம் கேட்காவிட்டால் உலர்ந்த கிராபைட் தூளைச் சிறிது தூவலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ‘எல்லாம் உலர்வாக’ என்று கேட்டுவிட்டுத் துவக்கையே பாழாக்கிக்கொண்டு வருபவர்களால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். போல்ட்டின் முன்முனையில் இரண்டோ மூன்றோ தடித்த புடைப்புகள் இருக்கும். ரவை வெடிக்கும்போது முழு அழுத்தத்தையும் தாங்கிப் பூட்டி நிற்பவை அவைதான். கைப்பிடியைத் தூக்கும்போது அடியூசியைப் பின்னுக்குத் தள்ளிச் சுருள்வில்லை அழுத்தும் சரிவான வெட்டு ஒன்றும் பின்பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டு இடங்களிலும் இரும்பு இரும்போடு கடும் அழுத்தத்தில் உராய்கிறது. அங்கே கிறீஸ் இல்லாவிட்டால், குறிப்பாகத் துருப்பிடிக்காத உருக்கில் செய்த துவக்குகளில், மேற்பரப்பு பிய்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ஆகவே புடைப்புகளின் பின்முகத்திலும் அந்தச் சரிவிலும், குளிருக்கென்று விற்கும் கிறீஸைத் தீக்குச்சி முனையளவு எடுத்து விரலால் மெல்லிய படலமாகத் தேயுங்கள். புடைப்புகளின் முன்பக்கத்தில் பூச வேண்டாம், ரவை நுழையும் அறைக்குள் ஒருபோதும் பூச வேண்டாம்.

காட்டுக் குடிலுக்குள் இரவில் துவக்கைக் கொண்டுபோய் அடுப்பருகே சாத்தி வைப்பதும் இதே அளவு கேடு. குளிர்ந்த இரும்பில் சூடான காற்றின் ஈரம் படியும். காலையில் வெளியே போனதும் அது போல்ட்டுக்குள்ளும் விசைக்குள்ளும் பனிக்கட்டியாகும். ரவைகளை நீக்கி, துவக்கை வெளியிலேயே பெட்டிக்குள் இட்டு மூடி, பெட்டியை உள்ளே கொண்டுவந்து பூட்டி வையுங்கள். அது மெல்லச் சூடாகும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அந்த 400 டொலர் விடயம் என்னைக் கோபப்படுத்துகிறது. பள்ளம் விழுந்த ரவையைப் பார்க்காமல், போல்ட்டைக் கழற்றாமல், விசைத் தொகுதியை மாற்றச் சொல்பவர் உங்கள் பழுதைத் திருத்த வரவில்லை. தன் அலுமாரியில் கிடப்பதை விற்க வந்திருக்கிறார். ‘குளிர்காலத் தயாரிப்பு’ என்று பணம் வாங்கி, மேலும் எண்ணெய் தெளித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தொலைவில் இருப்பவர்களிடம் துவக்குகளைச் சேர்த்துத் தெற்கே கொண்டுபோய்த் திருத்தித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள்: உரிமம் இல்லாத ஒருவரின் கையில் துவக்கை ஒப்படைத்தால் குற்றம் உங்கள்மீதும் விழும். வீட்டில் நிரப்பிய ‘குளிருக்கேற்ற’ ரவைகளை விலைக்கு வாங்க வேண்டாம். தன் சொந்தப் பாவனைக்கு நிரப்பத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது; பிறைமர் சரியாக அழுந்தாத ரவையும் முதற்குத்தில் பிழைத்து இரண்டாவதில் வெடிக்கும், பழுதைத் தேடுபவரின் கண்ணை அதுவே மறைக்கும்.

இந்த நிலைமைக்கு நம் ஒழுங்குமுறையும் பொறுப்பு. உரிமத்துக்காக நாம் கட்டாயம் பெற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி, துவக்கைப் பிடிக்கவும் பூட்டி வைக்கவும் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் பூச்சியத்துக்குக் கீழ் முப்பது பாகைக்கும் இறங்கும் நாட்டில், போல்ட்டைப் பிரித்துக் குளிருக்குத் துப்புரவாக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 2020 மே மாதத்திலும் 2024 டிசம்பரிலும் சில துவக்கு வகைகளைத் தடைசெய்து அரசு வெளியிட்ட பட்டியல்களுக்குப் பிறகு, சிறு திருத்தகங்கள் எது சட்டபூர்வமானது என்று பார்ப்பதிலும் நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது; திருத்த வேலை பிந்துகிறது. வேட்டைக்காலம் முடிந்த பிறகு திரும்பி வரும் துவக்கால் உங்களுக்கு என்ன பயன்?

போல்ட் துவக்கு என்பதே குளிருக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1947 இல் உருவான கனேடியன் றேஞ்சர்ஸ் படையினர், ஆர்க்டிக் பகுதியில் பல தசாப்தங்களாக லீ என்ஃபீல்ட் போல்ட் துவக்கையே சுமந்தார்கள். உதிரிப்பாகங்கள் அரிதானதால் அது மாற்றப்பட்டபோது வந்த சி-19 துவக்கும் போல்ட் வகைதான், அதுவும் உங்களுடையதைப் போல .308.

துப்புரவு செய்து, உலரவிட்டு, மறுபடி உறைபெட்டிச் சோதனை செய்தும் ஓசை மந்தமாகவே இருந்தால், அப்போது சுருள்வில் களைத்துப்போனது என்று கொள்ளலாம். முன்னைய உரிமையாளர் கைப்பிடியைத் தூக்குவதை இலகுவாக்குவதற்காக அதை வெட்டியிருக்கவும் கூடும். உங்கள் துவக்கின் மாதிரிப் பெயரைச் சொல்லிச் சுருள்வில்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கேட்ட 400 டொலரின் சிறு பகுதிதான் அதற்கு ஆகும். பழையதைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கி, புதியதன் அருகில் வைத்து நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.