நாற்பது பேர் கூடும் சபை

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வசிக்கிறேன். எங்கள் சபை கூடுவது ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரையின் கீழ். ஞாயிறன்று நாற்பது பேர் வந்தால் அதிகம். அதிலும் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. உலகத்தையே மீட்கும் கடவுளின் திட்டத்தில் இப்படியொரு சபைக்கு என்ன வேலை? தொலைக்காட்சியில் வரும் நல்ல பிரசங்கத்தை வீட்டிலிருந்தே கேட்டால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரசங்கம் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். எங்கள் போதகரைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் தொலைக்காட்சியில் இருக்கிறார்கள். அது அவருக்கே தெரியும்.

ஆனால் பைபிளில் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல், கடவுளின் ஞானம் சபையின் வழியாக வெளிப்படும் என்கிறார். எந்த ஞானம் என்பதற்கு முந்தைய அதிகாரத்துக்குப் போக வேண்டும். யூதருக்கும் மற்றவருக்கும் நடுவே நின்ற சுவரை இடித்து இருவரையும் ஒரே வீட்டாராக்குவது. அப்படி ஆனார்களா என்பதை ஒரே பாயில் உட்காரும்போதுதானே பார்க்க முடியும்? தொலைக்காட்சியின் முன்னால் உங்கள் பக்கத்தில் முகம் திருப்பிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

அந்தக் காலத்துச் சபைகளும் வீடுகளில் கூடியவைதான். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் ஒன்று கூடியது. சண்டைக்கும் குறைவில்லை. கொரிந்துவில் திருவிருந்திலேயே சிலர் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. சபை ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தது. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்த எந்தச் சபைக் கமிட்டிக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை அங்கே பிரசங்கம் நடக்காமலா இருந்தது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை உங்கள் பகுதியை மூழ்கடித்ததே, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாருக்கு அன்று மாத்திரை தீர்ந்திருக்கும் என்பதெல்லாம் யாருக்குத் தெரிந்திருந்தது? அந்த நாற்பது பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சந்தேகம். பேசிக்கொள்ளாத இரண்டு பேரில் ஒருவர் நீங்களா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை.