ஓடி முடித்த பந்தயக் காருக்கு விலை வைப்பது எது?

கேள்வி இதுதான்: ஓய்வு பெற்ற பந்தயக் கார்களின் மறுவிற்பனை விலை எதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது? ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் ஒன்று மட்டும் ஏன் பல மடங்கு விலை போகிறது?

வாங்க நினைப்பவர்களுக்காகப் பழைய பந்தயக் கார்களைப் பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு அவ்வப்போது வரும். வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" விலைக்கும் அதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. இந்தக் காரை இனி எந்தப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

சாலைக் காரின் விலை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பந்தயக் காரின் விலை ஒரே அறிவிப்பில் விழும். சாலை ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாக வைத்துப் பந்தயத்துக்கென்று தயாரிக்கும் ஜிடி3 வகைக் கார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் புது மாடலை இறக்கிவிட்டால், பழையதை வைத்துக்கொண்டு பெரிய தொடர்களில் முன்வரிசைக்குப் போட்டியிட முடியாது. அதன் ஹோமோலோகேஷன், அதாவது அந்த மாடல் பந்தயத்தில் ஓடலாம் என்ற அதிகாரபூர்வ ஒப்புதலின், காலமும் முடிந்துவிட்டால் அங்கே நுழையவே முடியாது. நேற்று வெற்றி பெற்ற கார் இன்று அமெச்சூர்கள் ஓட்டும் கிளப் பந்தயத்துக்கும் பயிற்சி நாட்களுக்கும் மட்டுமே லாயக்கு. இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் வாங்க ஆளிருக்காது.

அப்புறம் பல வருடம் கிடப்பில் கிடந்த பிறகு அதே காருக்கென்று ஒரு பழங்கார் பந்தயத் தொடர் தொடங்கினால், விலை மறுபடி ஏறும். இத்தாலியில் பழைய கார்களுக்காக இன்று நடக்கும் மில்லே மிலியாவில், 1927 முதல் 1957 வரை நடந்த பழைய பந்தயத்தில் கலந்துகொண்ட மாடல்களுக்குத்தான் முன்னுரிமை. அந்தப் பட்டியலில் இருக்கும் காருக்கும் இல்லாத காருக்கும் விலையில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். அழகு, வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது அடையாளம். எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். பந்தயக் கார் என்றாலே இடிபடும், கழற்றப்படும், மாற்றப்படும். அப்படியானால் எதுவரை அது 'அதே' கார்? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் 1990-ல் நீதிமன்றத்துக்கே போனது. பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் வென்ற பென்ட்லி, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. பிறகு வாங்குபவர் தரப்பு, இது அசல் வண்டியே இல்லை என்று பின்வாங்கப் பார்த்தது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது: 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பெரிய விபத்து, அதன் பிறகு புது உடல், லே மானில் ஓடியபோது இருந்த பாகங்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். பாகங்கள் மாறினாலும் இடையில் அறுபடாமல் ஒரே காராகத் தொடர்ந்து இருந்து வந்திருக்கிறது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைக் கேட்கிறார்கள். சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) எண், எந்தத் தேதியில் எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பழைய புகைப்படங்கள். ஒரே சேசிஸ் எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடும் வழக்குகளும் உண்டு. அப்படி ஒரு வாடை அடித்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

ஓட்டியவர் பெயர் என்ன செய்யும் என்பதற்கு ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் ஃபெராரி எஃப்2001 கார் போதும். சேசிஸ் 211, அவர் 2001-ல் மொனாக்கோவிலும் ஹங்கேரியிலும் வென்றது அதில்தான். ஹங்கேரியில் அந்த ஆண்டுப் பட்டமும் உறுதியானது. 2017-ல் சுமார் 75 லட்சம் டாலருக்குப் போனது, 2025-ல் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மறுபடி விற்றது. பந்தயமே ஓடாமல் உதிரியாக நின்ற ஒரு சேசிஸ் தோற்றத்தில் அச்சு அசல் அப்படியே இருந்தாலும் அந்த விலையின் பக்கத்தில்கூட வராது.

சரி, கோடிக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு. சாதாரண கிளப் பந்தயக் காருக்கு வருவோம். இங்கே கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அடுத்த ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) எவ்வளவு மிச்சம், கியர்பாக்ஸ் கடைசியாக எப்போது பிரிக்கப்பட்டது. ஓவர்ஹால் நெருங்கிய கார் மலிவாகக் கிடைத்தால் அது மலிவே இல்லை, அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது, அவ்வளவுதான்.

நான் முதலில் குனிந்து பார்ப்பது சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளை. காலாவதி ஆண்டு அதிலேயே அச்சிட்டிருக்கும். ரப்பர் பை வைத்த எரிபொருள் தொட்டிக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 5 ஆண்டுகள். பெல்ட், இருக்கை, தொட்டி, தீயணைப்பான் எல்லாம் ஒருசேரக் காலாவதியாகியிருந்தால் அந்தக் கார் பல நாள் ஓடாமல் நின்றது என்று அர்த்தம். மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். பிறகு சஸ்பென்ஷன் போல்ட்களைப் பாருங்கள். முறுக்கி முடித்ததும் மெக்கானிக் போல்ட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைப்பார். ஒரு மூலையில் மட்டும் கோடுகள் புதுசாக இருந்தால், அந்த மூலைக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

விபத்தைப் பொறுத்தவரை எஃகுக் குழாய்ச் சட்டம் என்றால் வெட்டி, புதுக் குழாய் வைத்து வெல்டு செய்துவிடலாம், விலை பெரிதாக அடிபடாது. கார்பன் ஃபைபர் கூடு அப்படியில்லை. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அறிக்கை இல்லாமல் நான் யாரையும் வாங்கச் சொல்வதில்லை.

சமீப கால ஃபார்முலா 1 கார்கள் தனி ரகம். 2014-க்குப் பிறகு வந்த ஹைபிரிட் கார்களை வாங்கி ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. ஸ்டார்ட் செய்யவே அதன் மென்பொருளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். ஓய்வு பெற்ற பல எஃப்1 கார்கள் எஞ்சினே இல்லாமல், காட்சிப் பொருளாகத்தான் கைமாறுகின்றன.

விற்பவர்கள் கடைசியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வருவார்கள்: "நான் இதில் போட்டது இவ்வளவு." அது வாங்குபவரின் கணக்கில் வராது. உயர்ரக டேம்பர் (அதிர்வு தாங்கி) போட்டேன், எஞ்சினை மாற்றினேன் என்பதெல்லாம் சில பந்தயப் பிரிவுகளில் காரைத் தகுதியிழக்கவே வைத்துவிடும். அதற்குப் பதில் கூடவே வரும் உதிரிப் பாகங்களுக்கு உண்மையான மதிப்பு உண்டு: கூடுதல் சக்கரங்கள், ஒரு முன்பக்க உடல் பாகம், கியர் செட்கள், தயாரிப்பு நின்றுபோன சின்னச் சின்ன சாமான்கள், காரின் மின்னணுவோடு இணைத்துப் பார்க்க உதவும் அந்தப் பழைய லேப்டாப். இரண்டு கார்கள் சமமாகத் தெரிந்தால் ஸ்பேர் பெட்டி பெரிதாக இருப்பதை எடுங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.