பாலைப் பயணத்துக்குத் துணை டேங்க்: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைப் பாதைகளில் நான்கு சக்கர இயக்க வண்டியில் செல்ல விரும்பும் வாசகர்கள் சிலர் எரிபொருள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறேன்.

கே: பெர்த்தில் வசிக்கிறோம். எங்களுடையது இரட்டைக் கேபின் ஹைலக்ஸ் டீசல் பிக்கப் வண்டி. டேங்க் கொள்ளளவு 80 லிட்டர். அடுத்த குளிர்காலத்தில் நண்பர் குடும்பத்துடன் கானிங் கால்நடைப் பாதையில் செல்லலாம் என்றிருக்கிறோம். கடையில் கிடைப்பதிலேயே பெரிய துணை டேங்கைப் பொருத்திவிடலாமா?

ப: வேண்டாம். எத்தனை லிட்டர் தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள். டேங்கைப் பிறகு தேடலாம்.

வைலூனாவில் தொடங்கி ஹால்ஸ் கிரீக்கில் முடியும் கானிங் பாதையின் நீளம் ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். வடக்கேயுள்ள கிம்பர்லி வட்டாரத்திலிருந்து மாடுகளைத் தெற்கே ஓட்டிவருவதற்காக ஆல்ஃபிரட் கானிங் 1906–07-இல் அளந்து, 1908 முதல் 1910 வரை கிணறுகள் தோண்டி அமைத்த வழி அது. மாடு ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரத்தை வைத்து அன்று கிணறுகளுக்கு இடைவெளி விட்டார்கள். இன்று நாம் டீசல் கிடைக்கும் இடத்தை வைத்து அந்தப் பாதையைப் பிரித்துப் பார்க்கிறோம். 33-ஆம் கிணற்றுக்கு அருகிலுள்ள குனவரிட்ஜி என்ற பூர்வகுடிக் குடியிருப்பே அந்த இடம். வைலூனாவிலிருந்து அது சுமார் 1,000 கிலோமீட்டர். புறப்படுவதற்கு முன் அங்கே தொலைபேசியில் பேசி, டீசல் இருப்பையும் கடை திறந்திருக்கும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 10 அல்லது 11 லிட்டர் குடிக்கும் வண்டி, முழுச் சுமையுடன், டயர்க் காற்றைக் குறைத்து, தாழ்ந்த கியரில் மணல்மேடுகளை ஏறி இறங்கும்போது 18 முதல் 20 லிட்டர் வரை கேட்கும். இருபது என்றே வைத்துக்கொண்டால் 1,000 கிலோமீட்டருக்கு 200 லிட்டர். வழி தவறுதல், திரும்பி வருதல், சிக்கிய வண்டியை இழுத்தல் ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 240 லிட்டர் ஆகிறது. உங்கள் டேங்க் 80 போக, 160 லிட்டர் குறைகிறது. இந்த 160-ஐயும் ஒரே டேங்கில் அடைக்க வேண்டும் என்பதில்லை. சுமார் 120 லிட்டர் துணை டேங்கும், மீதிக்குத் தலா 20 லிட்டர் பிடிக்கும் இரண்டு ஜெர்ரி கேன்களும் (கையில் தூக்கும் எரிபொருள் கேன்கள்) இருந்தால் போதும். பயணத்தின் முதல் நாளிலேயே கேன்களைக் காலி செய்துவிட்டால் உயரத்தில் இருக்கும் எடை முதலில் குறையும்.

பெரிய டேங்க் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் எடை. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ என்பதால் 240 லிட்டர் என்பது 200 கிலோ. உங்கள் வகை வண்டியில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையான ஜி.வி.எம். பெரும்பாலும் 3,050 கிலோவாக இருக்கும். வெறும் வண்டியே சுமார் 2,100 கிலோ. எஞ்சிய 950 கிலோவுக்குள் ஆட்கள், குடிநீர், முன் பம்பர், பின் கூடு, குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி, இரண்டு ஸ்டெப்னி, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்; எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தெரியும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டுவது இன்னும் அடிக்கடி நேர்வது. இரட்டைக் கேபின் வண்டிகளில் பின் அச்சுக்கும் பின்னால் எடையைக் குவித்துக்கொண்டு மேடுபள்ளத்தில் வேகமாகப் போனவர்களின் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), கேபினுக்குப் பின்புறம் வளைந்துபோனதுண்டு. ஆகவே இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காரும் டேங்காகத் தேடுங்கள். ஸ்டெப்னி இருந்த இடத்தைப் பிடிக்கும் டேங்க் என்றால், ஸ்டெப்னி பின்கதவுக்கோ கூரைக்கோ போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பொருட்களை எல்லாம் ஏற்றி, டேங்குகளையும் நிரப்பி, எடைமேடையில் ஒரு முறை முழு வண்டியையும், ஒரு முறை பின் அச்சை மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கே: பழைய டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரே பெரிய டேங்க் வைக்கலாம் என்கிறார் மெக்கானிக், தனியாக இரண்டாவது டேங்க் வைப்பதே நல்லது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? – மெல்போர்ன் வாசகர்

ப: நகரத்தில் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு மெக்கானிக் சொல்வது சரி: குழாய்கள் குறைவு, பம்ப் கிடையாது, பழுதாக அதிகம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த எரிபொருள் நிலையம் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பாதைக்கு நான் நண்பர் பக்கம் நிற்கிறேன்.

துணை டேங்கின் உண்மையான பயன், எரிபொருள் இரண்டு தனித்தனி இடங்களில் இருப்பதுதான். கல் ஒன்று தெறித்து ஒரு டேங்க் ஒழுகினாலும் மற்றதில் இருப்பது காப்பாற்றும். ஒதுக்குப்புறமான ஊரில் டிரம்மிலிருந்து நிரப்பிய டீசலில் தண்ணீர் கலந்திருந்தால், அது ஒரு டேங்கோடு நிற்கும். இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சின்கள் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுபவை. தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர்களும் உயரழுத்தப் பம்பும் சேர்ந்தே கெடும். சந்தேகமான இடத்தில் நிரப்பும்போது துணை டேங்கில் மட்டும் ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துத் தெளியவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும்.

இணைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில், சிறிய மின்பம்ப் துணை டேங்கிலிருந்து முதன்மை டேங்குக்கு டீசலை மாற்றும். எஞ்சின் எப்போதும் முதன்மை டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது முறையில், வால்வைத் திருப்பி எஞ்சினையே எந்த டேங்கோடும் இணைக்கலாம். இந்த இரண்டாவது முறையில் ஒன்றை மறக்கக்கூடாது: டீசல் எஞ்சின் தான் எடுத்ததில் ஒரு பகுதியை ரிட்டர்ன் லைன் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அந்த டேங்குக்கே ரிட்டர்னும் போக வேண்டும். எடுக்கும் குழாயை மட்டும் மாற்றும் வால்வைப் பொருத்திவிட்டால், துணை டேங்க் எதிர்பார்த்ததற்கு முன்பே காலியாகும். முதன்மை டேங்கோ நிரம்பி வழியும். இரண்டு குழாய்களையும் ஒருசேர மாற்றும் வால்வுதானா என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது எளிமையான முதல் முறை. முதன்மை டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பின்னரே பம்பைப் போட வேண்டும். தானாக அணையும் டைமரோடு இணைத்துவிட்டால், மறந்து தூங்கி டீசலை மணலில் கொட்டும் ஆபத்து இல்லை.

கே: துணை டேங்க் பொருத்தி மூன்று மாதம் ஆகிறது. பம்பில் நிரப்பும்போது நாசில் ‘டக் டக்’ என்று நின்றுபோகிறது. 60 லிட்டர் ஊற்றப் பத்து நிமிடம் ஆகிறது. டேங்க் சிறியதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ப: டேங்கில் குறை இருக்காது, பிரீதர் குழாயைப் பாருங்கள். டீசல் உள்ளே இறங்க இறங்க, அங்கிருந்த காற்று வெளியே போயாக வேண்டும். அந்தக் குழாய் மெலிந்ததாக இருந்தாலோ, எங்காவது மடங்கியிருந்தாலோ, நடுவில் தொய்ந்து அந்தத் தொய்வில் டீசல் தேங்கி நின்றாலோ, காற்று நிரப்பும் வாய் வழியாகவே திரும்பி வந்து நாசிலை நிறுத்திவிடும். பிரீதர், டேங்கின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து கிளம்பி, எங்கும் கீழிறங்காமல் நிரப்பும் வாயின் உயரம் வரை ஏற வேண்டும்.

இதே குறை எனக்குச் சிம்ப்சன் பாலையில் பாடம் கற்பித்தது. மூன்றாம் நாள் மாலை துணை டேங்கின் பம்பைப் போட்டேன். பம்ப் ஓடும் ஒலி கேட்டது. முதன்மை டேங்கின் முள் அசையவில்லை. ஃபியூஸ், ஃபில்டர், குழாய் என்று முக்கால் மணி நேரம் மணலில் படுத்துக்கொண்டு தேடினேன். கடைசியில் துணை டேங்கின் மூடியைத் திருகியபோது ‘ஸ்ஸ்’ என்று காற்றை நீளமாக உள்ளே இழுத்தது. அடுத்த நிமிடமே முள் ஏறத் தொடங்கியது. டேங்கைப் பொருத்திய பட்டறையில் பிரீதர் குழாயைச் சேஸிஸுக்கும் வண்டியின் பின்புறச் சரக்குத் தொட்டிக்கும் நடுவில் நசுங்கும்படி விட்டிருந்தார்கள். உள்ளே காற்று நுழைய வழியில்லாததால் டீசல் வெளியேற வழியில்லாமல் போயிற்று. ஊருக்கு வரும்வரை மூடியைத் தளர்த்தி, துணியைச் சுற்றிக்கொண்டே ஓட்டினேன். நாசில் அடிக்கடி நிற்பதைப் பொருட்படுத்தாமல் நானும் பல மாதம் ஓட்டியிருந்தேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

கே: சிம்ப்சன் பாலையைக் கடக்கவும் துணை டேங்க் அவசியமா?

ப: பெரும்பாலான டீசல் வண்டிகளுக்கு அவசியமில்லை. மேற்கே மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நடுவில் எரிபொருள் கிடையாது. 100 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் என்று வைத்தால் 110. கையிருப்புக்கு 30 சேர்த்தால் 140. 80 லிட்டர் டேங்கும் மூன்று ஜெர்ரி கேன்களும் அதற்குச் சரியாக இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே போவதும் எரிபொருளைச் சேமிக்கும். அங்குள்ள மணல்மேடுகளின் கிழக்குச் சரிவுதான் செங்குத்தானது. கேன்களைக் கேபினுக்குள் வைக்காதீர்கள்; பெட்ரோல் கேனை ஒருபோதும் வைக்காதீர்கள். கேனை நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி எழாமல் இருக்க அதுவே வழி.

கே: என்னுடையது பெட்ரோல் வண்டி. கிரேட் சென்ட்ரல் சாலையில் போகத் துணை டேங்க் வைக்க வேண்டுமா?

ப: லேவர்ட்டனிலிருந்து யூலாரா வரை சுமார் 1,100 கிலோமீட்டர் என்றாலும், நடுவே ஜுகாயர்லா, வார்பர்ட்டன், வாரக்கர்னா ஆகிய இடங்களில் நிரப்பலாம் என்பதால் வேண்டியதில்லை. அங்கே சாதாரணப் பெட்ரோலுக்குப் பதிலாக, முகர்ந்தால் போதை தராத ஓபல் என்ற பெட்ரோல் விற்கப்படும். வழக்கமான ஈயமற்ற பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்கு அது பொருந்தும். பிற்பாடு பெட்ரோல் வண்டிக்குத் துணை டேங்க் வைப்பதானால், ஆவியைப் பிடித்துக் கரிப்பெட்டிக்கு அனுப்பும் அமைப்போடு அதையும் இணைக்க வேண்டும். அது தெரிந்த பட்டறையிடம் மட்டும் கொடுங்கள்.

கே: பயணம் முடிந்து வந்தபின் துணை டேங்கைக் காலியாகவே வைத்திருக்கலாமா?

ப: மாதக்கணக்கில் அப்படி விடாதீர்கள். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரைக் கரும்பசையாக அடைக்கும். மாதம் ஒரு முறையாவது அதில் கொஞ்சம் ஊற்றிப் பம்பை ஓட்டிக் காலி செய்யுங்கள். ஊர் திரும்பிய முதல் வாரத்தில் வண்டியைத் தூக்கி, டேங்கைப் பிடித்திருக்கும் பட்டிகளின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்து, குழாய்கள் சேஸிஸில் உரசித் தேய்ந்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். மண்சாலை அதிர்வில் போல்ட்டுகள் கால் சுற்று தளர்ந்திருப்பதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.